நீ வழுக்கி விழவில்லை, தனம்

வாய் ஓயாத என் தனத்துக்கு,

சத்துணவு மையத்தில் இருபத்து மூன்று வருஷம் உன்னோடு இருந்தேன். ஒரு வரிகூட உனக்கு எழுத வேண்டி வந்ததில்லை. நான் பதிவேட்டை எழுதிக்கொண்டிருப்பேன், நீ அடுப்படியிலிருந்து கத்துவாய், நம் பேச்சு அப்படியே நடந்துவிடும். இப்போது நான் எழுதினால்தான் உண்டு.

வேறு யாராவது இதைப் படித்தாலும் படிக்கட்டும். நம் தெருவில் உன்னைப் பற்றி இரண்டு பொய்கள் உலவுகின்றன. நீ தெரிந்தே விஷத்தை மருந்தென்று கொடுத்தாய் என்பது ஒன்று. ஆஸ்பத்திரிப் படியில் வழுக்கி விழுந்து செத்தாய் என்பது இன்னொன்று. முதல் பொய்யை ஊர் சொன்னது. இரண்டாவதை நீயே சொன்னாய். அதை நான் உடைத்துவிட்டேன், தனம். உன்னிடம் கேட்காமல் உடைத்தேன். எப்படி என்று உனக்குச் சொல்ல வேண்டாமா?

உன்னைப் பார்த்திராதவர்களுக்காக ஒரு சம்பவத்தைச் சொல்லிவிடுகிறேன். முதுநகர்ப் பள்ளிக்கூடத்தில் நான் அமைப்பாளர், நீ சமையல்காரி. ஒரு நாள் அழுகிய முட்டை வந்து இறங்கியது. இறக்கியவன், "பசங்கதான, வேக வச்சா தெரியாது" என்றான். நீ ஓர் அட்டையைத் தூக்கி, ஒவ்வொரு முட்டையாக எடுத்து அவன் நெஞ்சில் உடைத்தாய். அவன் உன் கையைப் பிடித்து முறுக்கினான். நீ சாம்பார்க் கரண்டியால் அவன் மணிக்கட்டில் போட்டாய். மறுவாரம் கட்டோடுதான் வந்தான், நல்ல முட்டையோடு.

அவ்வளவு சீக்கிரம் கை ஓங்குகிறவள் நீ. என் மகன் உன்னை அடித்தபோது மட்டும் உன் கை ஏன் எழவில்லை?

அண்டா தூக்கித் தூக்கி நம் இருவருக்கும் முட்டி போயிருந்தது. ஓய்வு பெற்ற பிறகு உனக்குப் பேருந்துப் படி ஏற முடியவில்லை. எனக்குக் கழிவறையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. டாக்டர் ஆபரேசன் என்று சொன்னதும் நாம் இருவரும் அந்தப் பக்கமே போகவில்லை. அப்போதுதான் நீ உன் மகள் செல்வியைப் பார்க்கச் சிதம்பரம் போனாய். கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த கடையிலிருந்து ஒரு பச்சை டப்பாவோடு வந்தாய். டப்பாவின் மேல் பிரண்டைக் கொடியின் படம். உள்ளே பழுப்புப் பொடி அடைத்த மாத்திரைகள்.

"பிரண்டை, முடக்கத்தான், குங்கிலியம். அம்பது தாண்டின பொம்பளைங்க எலும்புக்குன்னே செஞ்சதாம்" என்றாய்.

நான் தயங்கினேன். நீ சிரித்தாய். "இன்னாக்கா பயம்? பிரண்டைத் தொவையல் திங்கறது இல்லியா நாம? அதையேதான் பொடி பண்ணி அடைச்சிருக்கான்."

முதலில் நீதான் விழுங்கினாய். ஒரு வாரம் கழித்து என்னைத் திருவந்திபுரத்துக்கு அழைத்துப் போய், மலைக் கோயில் படியில் நிற்காமல் ஏறிக் காட்டினாய். மேலே நின்று முந்தானையை விசிறி என்னைக் கூப்பிட்டாய். அன்று சாயந்திரம் நானும் விழுங்கினேன். நாலாம் நாள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன். பத்து வருஷத்துக்குப் பிறகு. உன் கையைப் பிடித்து அழுதேன், ஞாபகம் இருக்கிறதா?

பிறகு தெருவில் முட்டி வலிக்கிற அத்தனை பேருக்கும் நீ கொடுத்தாய். கடைக்காரன் உனக்கு 'மூலிகை ஆலோசகர்' என்று ஒரு அட்டை அச்சடித்துக் கொடுத்தான். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நீ. அந்த அட்டையை என்னிடம் நீட்டி மூன்று முறை படிக்கச் சொன்னாய். உன் பேருக்கு முன்னால் அப்படி ஒரு வார்த்தை வந்ததில் உனக்கு இருந்த பெருமையை நான் பார்த்தேன். அதனால்தான் எனக்குள் வந்த சந்தேகங்களை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

சந்தேகம் வந்தது, தனம். இரண்டு வருஷத்தில் நம் முகம் உருண்டு வீங்கியது. "சித்தி நல்லா பூரிச்சுட்டாங்க" என்று என் மகன் பாலு உன்னைக் கேலி செய்வான். லேசாக இடித்தாலும் கையில் நீலமாக ரத்தம் கட்டியது. ஒரு வேளை விழுங்காவிட்டால் உடம்பெல்லாம் அடித்துப் போட்டது போல வலித்தது. வலி திரும்பி வருகிறதே, அப்படியானால் மருந்து நன்றாக வேலை செய்கிறது என்றுதான் நாம் நினைத்தோம். நம்மைப் போல முட்டாள் உண்டா?

ஆடி மாதம் ஒரு காலையில் குனிந்து மிக்ஸி ஜாடியை எடுத்தேன். இடுப்பில் கரும்பை முறித்தது போல ஒரு சத்தம். அதற்குப் பிறகுதான் விழுந்தேன். விழுந்ததால் எலும்பு முறியவில்லை. முறிந்ததால் விழுந்தேன். என் அலறலைக் கேட்டு, லோடு ஆட்டோவில் செங்கல் ஏற்றிக்கொண்டிருந்த பாலு ஓடி வந்தான். அந்தச் செங்கல்லை எல்லாம் தெருவில் தள்ளிவிட்டு, பாய் விரித்து என்னைக் கிடத்தி ஓட்டினான். ஒவ்வொரு பள்ளத்துக்கும் என்னைத் திரும்பிப் பார்த்து அழுதான். கடலூரில் பார்த்துவிட்டுச் சிதம்பரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

பெண்கள் வார்டு, தரைத்தளம், ஜன்னலோரக் கட்டில். காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மூன்றாம் நாள் காலை அந்த இளம் டாக்டரம்மா என் முகத்தையும் கையில் இருந்த நீலத் திட்டுகளையும் பார்த்துவிட்டு, என்ன மருந்து சாப்பிடுகிறேன் என்று கேட்டாள். பாலு டப்பாவைக் காட்டினான்.

"இது வெறும் மூலிகை இல்லங்க. ஸ்டீராய்டு கலந்திருக்கணும். டெஸ்ட்டுக்கு அனுப்பறேன்" என்றாள். "இது வலிய அமுக்கிடும். ஆனா உள்ள எலும்ப அரிச்சுடும். உங்கம்மா எலும்பு மண்ணு மாதிரி இருக்கு. ஆபரேசன்ல ஆணி புடிக்குமான்னே தெரியல."

அவள் போன பிறகு பாலு என் பக்கத்தில் வந்து நின்றான். பைக்கில் வந்திருந்தான், கையில் ஹெல்மெட். "சித்தி குடுத்ததுதானம்மா இது?"

இப்போது சொல்லப்போவதை உன்னிடம் நேரில் சொல்ல எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. சொல்லாமல் விட்டேன்.

நான் சொன்னேன், "ஆமாண்டா. என் இடுப்ப ஒடிச்சவ அவதான். அவளும் கை கால் ஒடிஞ்சு கெடக்கணும். அப்பதான் என் வயித்தெரிச்சல் அடங்கும்."

வலி பேச வைத்தது என்று மற்றவர்கள் எனக்காகச் சொல்கிறார்கள். வலி இருந்தது உண்மை. ஆனால் அந்த வார்த்தைகளை நான் யோசித்துத்தான் சொன்னேன். டாக்டரம்மா சொல்வதற்கு முன்பே எனக்கு அந்த டப்பா மேல்தான் சந்தேகம்; முந்தின ராத்திரி விடிய விடிய அதைத்தான் மனசுக்குள் சொல்லிக்கொண்டு படுத்திருந்தேன்.

பாலு வெளியே போனான். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. ஜன்னல் கம்பி வழியாக நீ வருவதைப் பார்த்தேன். வேப்பமரத்தடியில், ஒரு கையில் கஞ்சித் தூக்கு, இன்னொரு கையில் செருப்பு. வார் அறுந்திருந்தது போல. வெறுங்காலோடு வந்தாய்.

பாலு உன் முன்னால் போய் நின்றான். டப்பாவை உன் முகத்துக்கு நேராக நீட்டினான். என்ன கேட்டான் என்று எனக்குக் கேட்கவில்லை. நீ ஏதோ சொல்ல வாயெடுத்தாய். அறைந்தான். அந்தச் சத்தம் வார்டுக்குள் கேட்டது. தூக்கு விழுந்து கஞ்சி சிதறியது.

கோர்ட்டில்கூட இதைச் சொல்லவில்லை. அங்கே இதை யாரும் கேட்கவில்லை. அந்த முதல் அடி விழுந்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது, தனம். நன்றாக வேண்டும் உனக்கு என்று இருந்தது. காலில் தொங்கிய எடை கொஞ்சம் குறைந்தது போல இருந்தது.

நீ உதட்டில் ரத்தத்தோடு நிமிர்ந்தாய். இந்த முறை உன் குரல் கேட்டது. "நானும் அதத்தான்டா முழுங்கறேன், பாலு."

"பொய் சொல்ற."

ஹெல்மெட்டை ஓங்கினான். நீ முழங்கையை உயர்த்தித் தடுத்தாய். கை முறிந்து தொங்கியதை இங்கிருந்தே பார்த்தேன். தடுக்கத்தான் தூக்கினாய், திருப்பி அடிக்கத் தூக்கவில்லை. அடுத்த அடி விலாவில். அதில் நீ உட்கார்ந்தாய், உட்கார்ந்தபடியே சாய்ந்தாய், சாய்ந்த இடத்தில் சிமெண்ட் கட்டை இருந்தது. அப்போதுதான் என் வாய் திறந்தது. "பாலு, வேணாம்டா, விடுடா" என்று கத்தினேன். அவன் திரும்பி ஜன்னலைப் பார்த்தான். என்னைத்தான் பார்த்தான். பார்த்துவிட்டு, கீழே கிடந்த உன்னை இரண்டு முறை உதைத்தான்.

டீக் கடைக்காரரும் வாட்ச்மேனும் ஓடி வந்து அவனை இழுத்தார்கள். அவன் திமிறவில்லை. குழாயடிக்குப் போய் ஹெல்மெட்டைக் கழுவினான். பொறுமையாக, உள்ளேயும் வெளியேயும் கழுவினான். நான் பெற்ற பிள்ளை அப்படிக் கழுவுவதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

அன்று மத்தியானம் உன்னை எங்கள் வார்டுக்கே கொண்டு வந்தார்கள். நடுவில் காட்டுமன்னார்கோயில் பெண்மணி ஒருத்தி, அதற்கு அடுத்த கட்டிலில் நீ. கைக்குக் கட்டு, மூக்கில் குழாய், ஒரு கண் மூடிப் போயிருந்தது. நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். நீதான் முதலில் பேசினாய்.

"அக்கா, உனக்கு ஆபரேசன் எப்போ?"

நான் ஜன்னலையே பார்த்தேன். போலீஸ்காரர் ஒருவர் நோட்டோடு வந்தார். என்ன நடந்தது என்று உன்னைக் கேட்டார்.

"படியில வழுக்கிட்டேன் சார்."

"யாரோ அடிச்சாங்கன்னு வெளிய பேசிக்கறாங்களே."

"என்னை யாரு சார் அடிக்கப் போறா? நான் அடிக்காம இருந்தா போதாதா?"

போலீஸ்காரர் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "ஜன்னலோரமா இருக்கீங்க, எதுவும் பாத்தீங்களாம்மா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன்.

அவர் போன பிறகு நான் கேட்டேன், "ஏன்டி பொய் சொன்ன?"

நீ ரொம்ப நேரம் மூச்சு வாங்கினாய். "ஒன் காலப் பாத்தேன். அதான்" என்றாய்.

அதற்கு என்ன அர்த்தம்? என் கால் இப்படி ஆனதற்கு நீதான் காரணம் என்று நினைத்தாயா? அந்த அடி உனக்கு வேண்டியதுதான் என்று ஒத்துக்கொண்டாயா? இல்லை, இந்தக் காலோடு கிடக்கிறவளிடமிருந்து மகனையும் பறிக்க வேண்டாம் என்றா? எத்தனையோ நாள் அதையே யோசித்திருக்கிறேன். அன்றைக்கே கேட்டிருக்கலாம். நான்தான் பாலுவை ஏவிவிட்டேன் என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டு நாள் ஒரே வார்டில் கிடந்தோம். நீ முனகுவதைக் கேட்டுக்கொண்டு நான் தூங்குவது போல நடித்தேன்.

நீ வந்த மூன்றாம் நாள் காலை என்னை ஆபரேசனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். உன் கட்டிலைத் தாண்டும்போது நீ நல்ல கையைத் தூக்கி என் போர்வையைத் தொட்டாய். மயக்கம் தெளிந்து திரும்பி வந்தபோது உன் கட்டிலில் வேறு விரிப்பு. உடைந்த விலா நுரையீரலைக் குத்தியிருந்ததாம். "சாதாரணமா இந்த அடிக்கு இத்தனை எலும்பு ஒடியாது. இவுங்க எலும்பு உங்களோடதவிட மோசமா இருந்துச்சு" என்றாள் டாக்டரம்மா. நீயும் அதைத்தான் விழுங்கினாய் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

உன்னை எரித்த மூன்றாம் நாள், செல்வி நம் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேரோடு அந்தச் சந்துக் கடைக்குப் போனாள். வீங்கிய முகமும் ஊன்றுகோலுமாகப் போயிருக்கிறார்கள். கடைக்காரன், "எங்க மருந்துல ஒரு குறையும் இல்ல, வயசானா எலும்பு ஒடியத்தான் செய்யும்" என்றானாம். செல்வி ஒரு டப்பாவை எடுத்து அவன் நெற்றியில் விட்டெறிந்தாள். நெற்றி பிளந்தது. அதன் பிறகு யாரும் யார் சொல்லியும் நிற்கவில்லை. ஊன்றுகோலால் கண்ணாடி அலமாரிகளை நொறுக்கியிருக்கிறார்கள். கடைக்காரனைத் தெருவில் இழுத்துப் போட்டு, அவன் வாயைப் பிளந்து பொடியை அள்ளி அடைத்திருக்கிறார்கள். போலீஸ் வந்துதான் பிரித்தது. செல்வி மேலும் ஒரு வழக்கு இருக்கிறது. உன் பெண் உன் கையைக் கொண்டு பிறந்திருக்கிறாள்.

பிரேதப் பரிசோதனையில் உன் முதுகில் செருப்புக் காலின் தடம் தெரிந்தது. வழுக்கி விழுந்தவளுக்கு முதுகில் எப்படித் தடம் வரும் என்று செல்வி ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்துவிட்டாள். பாலுவைக் கைது செய்தார்கள். இரண்டு மாதத்தில் ஜாமீனில் வந்தான். டீக் கடைக்காரரும் வாட்ச்மேனும் சரியாகப் பார்க்கவில்லை என்று சொல்லத் தொடங்கியிருந்தார்கள். நீயே வழுக்கி விழுந்ததாகச் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். வக்கீல் தைரியமாக இருந்தார். "அம்மா, நீங்க எதுவும் பாக்கலன்னு சொன்னா போதும், கேஸ் முடிஞ்சுடும்" என்றார்.

நானும் அப்படித்தான் சொல்வதாக இருந்தேன். உள்ளதைச் சொல்கிறேன். பாலுவுக்கு இரண்டு பெண் குழந்தைகள். வாக்கரைப் பிடித்து நடக்கிற என்னைக் காலையில் குளியலறைக்குத் தூக்கிப் போகிறவன் அவன். என் தலையைத் துவட்டிவிடுகிறவனும் அவன்தான். உன்னைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரே ஒரு நாள், மருமகள் கவிதா ஏதோ எதிர்த்துப் பேசினாள் என்று தட்டைச் சுவரில் எறிந்தான். அடுத்து அவள் கழுத்தைப் பிடித்தான். விரல் தடம் பதிகிற அளவுக்குப் பிடித்தான். பெரிய பேத்தி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தவில்லை. நான் ஜன்னலில் பார்த்தது போலவே பார்த்தாள்.

அந்த வாரத்தில்தான் செல்வி வந்தாள். வாசலிலேயே நின்றாள், உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. "பெரியம்மா, உங்க கட்டிலு ஜன்னலோரம்தான?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆமாண்டி" என்றேன்.

அவள் திரும்பிப் போய்விட்டாள்.

சாட்சி சொல்லும் நாளன்று பாலுதான் என்னைத் தன் ஆட்டோவில் மஞ்சக்குப்பம் கோர்ட்டுக்கு ஏற்றிப் போனான். இடுப்புக்குத் தலையணை வைத்துக் கொடுத்தான். கூண்டில் நிற்க முடியாது என்று நீதிபதி நாற்காலி போடச் சொன்னார். அரசு வக்கீல், "சம்பவத்தைப் பாத்தீங்களா?" என்று சலிப்போடு கேட்டார். எதையும் பார்க்கவில்லை என்றுதான் நான் சொல்வேன் என்று அவரும் நினைத்திருந்தார்.

"பாத்தேன் ஐயா" என்றேன்.

அவர் கையில் இருந்த காகிதத்திலிருந்து தலையைத் தூக்கினார்.

எல்லாவற்றையும் சொன்னேன். அறைந்தது, ஹெல்மெட், விலா, உதை, குழாயடி. நீ போலீஸிடம் பொய் சொன்னதையும் நான் தலையாட்டியதையும் சொன்னேன். பாலுவின் வக்கீல் எழுந்து, "பெத்த புள்ள மேல உங்களுக்கு என்னம்மா கோவம்?" என்றார்.

"கோவம் இல்ல. அவன அனுப்பினதே நான்தான். அவ கை கால் ஒடியணும்னு சொன்னேன். அவன் போயி ஒடிச்சான். அதையும் எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார்களா என்று தெரியவில்லை. பின் வரிசையில் செல்வி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வெளியே வந்தேன். பாலு ஆட்டோ பக்கத்தில் நின்றான். எனக்குப் பயமாக இருந்தது, தனம். பெற்ற மகனைப் பார்த்துப் பயந்தேன். "ஏறு" என்றான். ஏறினேன். தலையணையை வைத்தான்.

கெடிலம் பாலத்தில் வண்டியை ஓரம் கட்டினான். இறங்கி என் பக்கம் வந்தான். கையை ஓங்கினான். நான் கண்ணை மூடவில்லை. நீ எப்படி முழங்கையைத் தூக்கினாய் என்று நினைத்தேன், என் கை எழவில்லை. அந்தக் கை என் மேல் விழவில்லை. ஆட்டோக் கம்பியில் தன் நெற்றியை மோதிக்கொண்டான். ஒரு முறை இல்லை, நாலைந்து முறை. புருவம் கிழிந்து ரத்தம் சட்டையில் ஒழுகியது. பாலத்தில் போனவர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள்.

"நீதானம்மா சொன்ன" என்றான். "நீ சொன்னதத்தான செஞ்சேன்."

"ஆமாண்டா, நான்தான் சொன்னேன். ஆனா நிறுத்துன்னும் கத்தினேன். நீ திரும்பிப் பாத்த. பாத்துட்டுதான ஒதச்ச?"

அவன் அப்படியே சாலையில் உட்கார்ந்தான். "சித்தி என்னைத் திட்டவே இல்லம்மா" என்றான். "ஒரு வார்த்தை திட்டியிருந்தா விட்டிருப்பேன்."

அப்படி விட்டிருப்பானா? எனக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது. முந்தானையால் அவன் நெற்றியை அழுத்திப் பிடித்தேன். பிறகு அவன் என்னை வீட்டில் இறக்கிவிட்டு, என்னைத் தூக்கிக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டுப் போனான்.

தீர்ப்பு வந்துவிட்டது. கொலை என்று சொல்லவில்லை, ஆனாலும் ஏழு வருஷம். கேப்பர் மலைச் சிறையில் இருக்கிறான். முதல் இரண்டு முறை நான் போனபோது பார்க்க மறுத்துவிட்டான். மூன்றாம் முறை வந்து கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றான். "நடக்க முடியுதா?" என்றான். "முடியுது" என்றேன். அவ்வளவுதான் பேசினோம். கவிதா பிள்ளைகளோடு நெல்லிக்குப்பத்தில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். என்னோடு பேசுவதில்லை. அவள் கழுத்தில் இருந்த தடம் மறைந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். என்னை யாரும் தண்டிக்கவில்லை. அது எனக்குச் சரியாகப் படவில்லை, ஆனால் அதை எங்கே போய்ச் சொல்வது?

செல்வி என்னை மன்னித்தாளா என்று கேட்காதே. மாதம் ஒரு முறை வருகிறாள். எனக்கு மீன் குழம்பு வைத்துக் கொடுத்துவிட்டு, சாப்பிடாமல் போகிறாள். கடைக்காரன் மீதான வழக்கு இன்னும் நடக்கிறது. டப்பாவில் ஸ்டீராய்டு இருந்தது உறுதியாகிவிட்டது. அவன் கடையை மூடிவிட்டான். இப்போது வேறு யாரோ ஒருவர் நம் தெரு வழியாக ஆட்டோவில் மைக் கட்டி, "மூட்டு வலியா, முழங்கால் வலியா, பக்க விளைவே இல்லாத மூலிகை" என்று கூவிக்கொண்டு போகிறார். போன மாதம் அந்த ஆட்டோவை வாக்கரால் மறித்து நின்றேன். ஓட்டுகிறவன் ஹாரன் அடித்தான். நான் வாக்கரைத் தூக்கி அவன் ஸ்பீக்கரில் இறக்கினேன். நீ இருந்திருந்தால் முதல் அடியை நீ போட்டிருப்பாய்.

இன்னொன்றும் உனக்குச் சொல்ல வேண்டும். நீ செத்த பிறகு நம் பெண்கள் பயந்துபோய் மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தினார்கள். மேட்டுத் தெரு சரோஜா மூன்றே நாளில் மயங்கி விழுந்தாள். அதைச் சட்டென்று நிறுத்தினாலும் உயிருக்கு ஆபத்து, டாக்டர் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது. அதனால் நீ யார் யாருக்குக் கொடுத்தாய் என்று கேட்டுக் கேட்டு ஒவ்வொருத்தியாகத் தேடிப் போகிறேன். சிலர் என் முகத்தில் கதவைச் சாத்துகிறார்கள். "உன் சிநேகிதி குடுத்த விஷம்தான" என்கிறார்கள். "அவளும் அதத்தான் முழுங்கினா, அவ எலும்புதான் எல்லாத்தவிட மோசம்" என்று சாத்திய கதவைப் பார்த்துச் சொல்கிறேன். ஒன்பது பேரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்விட்டேன். பண்ருட்டிப் பக்கம் இரண்டு பேர் இன்னும் ஒளித்து வைத்து விழுங்குகிறார்களாம்.

அந்த இரண்டு பேர் வாசலிலும் போய் உட்காருவேன், தனம். அடித்தால் வாங்கிக்கொள்வேன், எழுந்து போக மாட்டேன். கடைக்காரன் வழக்கிலும் கூண்டேறுவேன். உன்னை விஷக்காரி என்று யார் சொன்னாலும், நான் பார்த்ததையும் நான் சொன்னதையும் அவர்கள் முகத்துக்கு நேராகச் சொல்வேன். இந்த இடுப்பில் ஆணி பிடித்திருக்கும் வரைக்கும் செய்வேன்.

உன்னை அடிக்கச் சொன்னவளும்,
உனக்கு அக்காவுமான
வசந்தா